வானம் தோண்டுவதற்கு முன்

கரிசல் காட்டில் மூன்று மாடிக் கட்டடத்தைவிட ஒற்றைத் தளம் போட்ட சின்ன வீட்டுக்குத்தான் ஆபத்து அதிகம். சொன்னால் பலரும் நம்புவதில்லை. பாரம் கூடினால் பூமி அமுங்கும், பாரம் குறைந்தால் பிழைத்தோம் என்பதுதானே நாம் பழகிய கணக்கு. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கறுப்பு மண்ணில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே வீடு கீழே இறங்குவது பாதித் தொல்லைதான். மண் வீட்டை மேலே தூக்குவது மீதிப் பாதி. ஒற்றைத் தள வீட்டின் கடைக்கால் தன் அடியிலுள்ள மண்ணை அழுத்துவது சதுர மீட்டருக்கு ஐந்து டன் அளவில் இருக்கும். நனைந்து உப்பும் கரிசலோ, தன்னை உப்பவிடாமல் தடுப்பதைப் பத்து டன், இருபது டன் விசையோடு எதிர்த்துத் தள்ளக்கூடியது. கனத்த கட்டடம் அந்த விசையை அமுக்கி உட்கார்ந்துவிடும். சின்ன வீட்டுக்கு அந்தக் கனம் கிடையாது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர்ப்பக்கம் பத்து சென்ட் வாங்கி வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் தேடிப் போவது பிளான் வரைபவரை. இரண்டு பெட்ரூமா மூன்றா, சமையலறை அக்கினி மூலையில் வருகிறதா என்று பேச்சு ஓடும். பட்டா, வில்லங்கச் சான்று, சர்வேயரை வைத்துக் கல் ஊன்றுவது, ஊராட்சி அனுமதி எல்லாம் வேண்டியவைதான். அவற்றைச் சொல்லித்தர எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். மனையைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு. அந்த மண் ஒரு வருடத்தில் எவ்வளவு அசைகிறது, சூரியன் அதன்மேல் எப்படி நகர்கிறது, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் போடுகிற பிளான் காகிதத்தில் மட்டும்தான் அழகாக இருக்கும்.

மண்ணிலிருந்தே தொடங்கலாம். கரிசலின் குணத்துக்கெல்லாம் காரணம் அதிலுள்ள மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம். அது படலம் படலமாக அடுக்கிய பொருள். ஒரு படலத்தின் தடிமன் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர், அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. சிலிக்கா அடுக்கு இரண்டு, நடுவே அலுமினா அடுக்கு ஒன்று என்ற அமைப்பு. நடு அடுக்கில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மெக்னீசியம் வந்து உட்கார்ந்திருக்கும். அலுமினியத்தைவிட அதற்கு ஒரு மின்னேற்றம் குறைவு. ஆகவே படலம் முழுக்க எதிர்மின் தன்மை மிஞ்சிநிற்கிறது. அதை ஈடுகட்டச் சோடியமும் கால்சியமும் அயனிகளாகப் படலங்களின் இடுக்கில் ஒட்டியிருக்கின்றன. தண்ணீர் வந்ததும் அந்த அயனிகள் தண்ணீர் மூலக்கூறுகளைத் தங்களைச் சுற்றி இழுத்துக்கொள்கின்றன. புதுச் சீட்டுக்கட்டின் ஒவ்வொரு சீட்டுக்கும் நடுவே இன்னொரு சீட்டைச் செருகினால் கட்டு எப்படிப் பருக்குமோ, அப்படி மண் பருக்கிறது. காய்ந்தால் தண்ணீர் போய்விடும், படலங்கள் நெருங்கும், நிலம் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும்.

இந்தப் படலங்களையெல்லாம் தனித்தனியாக விரித்துப் போட முடிந்தால், ஒரே ஒரு கிராம் மாண்ட்மோரிலோனைட்டின் பரப்பு சுமார் 800 சதுர மீட்டர் வரும். நம்முடைய அளவில் கிட்டத்தட்ட 20 சென்ட். பத்து சென்ட் மனை வாங்கியவர் அதிலிருந்து இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும் களியில் அவர் மனையைப்போல இரண்டு மடங்கு இடம் ஒளிந்திருக்கிறது. அந்த இடம் முழுவதும் தண்ணீருக்காகக் காத்திருக்கிறது. செம்மண்ணில் மிகுதியாக இருக்கும் கயோலினைட் வேறு சாதி. அதன் அடுக்குகளை ஹைட்ரஜன் பிணைப்பு இறுக்கிப் பிடித்திருப்பதால் தண்ணீர் இடையே நுழைய முடியாது. ஒரு கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர் பரப்புதான். அதனால்தான் செம்மண் பூமியில் மூன்றடி தோண்டிக் கருங்கல் கட்டி எழுப்பிய வீடுகள் சுகமாக நிற்கின்றன, அதே கொத்தனார் அதே முறையில் கரிசலில் கட்டிய வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கோடு விழுகிறது.

உங்கள் மண் எந்த வகை என்று அறிய ஒரு சோதனை உண்டு. இந்தியத் தர நிர்ணய நூலில் உள்ளதுதான். வீட்டிலேயே ஓரளவு செய்து பார்க்கலாம். மண்ணை உலர்த்திப் பொடித்து மெல்லிய சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு கண்ணாடி அளவுக் குழாய்களில் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய், இரண்டிலும் 100 மில்லி வரை ஊற்றிக் கலக்கி ஒரு நாள் அப்படியே விட வேண்டும். மண்ணெண்ணெய்க்கு மின்முனைகள் இல்லாததால் அயனிகள் அதைச் சீண்டுவதில்லை. களி உப்பாமல் அடியில் படியும். தண்ணீர்க் குழாயில் அதே பத்து கிராம் பொங்கி நிற்கும். மண்ணெண்ணெயில் 10 மில்லி இடம் பிடித்த மண் தண்ணீரில் 15 மில்லி பிடித்தால் உப்பல் 50 சதவீதம். ஐம்பதுக்குக் கீழே என்றால் பெரிய கவலை இல்லை. நூறைத் தாண்டினால் கொத்தனார் யோசனையோடு நிறுத்திக்கொள்ளாமல் மண் பரிசோதனைக் கூடத்துக்குப் போவதுதான் புத்தி. (ரேஷன் மண்ணெண்ணெய் இப்போது முன்போலக் கிடைப்பதில்லை என்பது தனிக் கதை.)

மண்ணைச் சோதிக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பிருகத் சம்ஹிதையிலேயே மனை பார்க்கும் முறை இருக்கிறது. ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணைத் திரும்பக் கொட்ட வேண்டும். மண் மிஞ்சினால் நல்ல மனை, குறைந்தால் ஆகாது. குழியில் நீர் நிரப்பி நூறு அடி நடந்துபோய்த் திரும்பி வரும்போது நீர் குறையாதிருந்தாலும் நல்லது. இரண்டும் காரணமுள்ள சோதனைகளே. இறுகிய மண்ணைத் தோண்டினால் அது தளர்ந்து பெருகும், மிஞ்சும். பொலபொலத்த மண்ணில் வெற்றிடம் அதிகம், திரும்பக் கொட்டினால் போதாது. ஆனால் மழை ஓய்ந்த தை மாதத்தில் இவற்றைக் கரிசலில் செய்தால் கரிசல் இரண்டிலும் தேறிவிடும். இறுகிய களி, தண்ணீரை எளிதில் விடாத களி. அதே குழியைப் பங்குனி வெயிலில் தோண்டியிருந்தால் விரிசல்கள் தண்ணீரைக் குடித்திருக்கும். ஒரு நாள் சோதனையில் நிலம் பிடிபடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதனால் மனை வாங்கிய கையோடு பூஜை போடாமல் ஒரு மழையையும் ஒரு கோடையையும் விட்டுப் பார்ப்பது நல்லது. கோடையின் உச்சத்தில் விரிசலுக்குள் மெல்லிய கம்பியை இறக்கிப் பார்த்தால், நிலம் எவ்வளவு ஆழம் காய்ந்து சுருங்குகிறது என்பது ஓரளவுக்குப் புலப்படும். இந்தியக் கரிசல் நிலங்களில் பருவத்துக்குப் பருவம் ஈரம் ஏறி இறங்கும் ஆழத்தைச் சுமார் 3.5 மீட்டர் என்று பொறியாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே ஈரம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும், மண்ணும் அசையாது. கோவில்பட்டி பக்கத்தில் பல இடங்களில் அவ்வளவு ஆழம் போகத் தேவையிருக்காது. ஐந்தடி, ஆறடியிலேயே சுக்காம்பாறை தட்டும். ஆள் உயரத்துக்குச் சோதனைக் குழி ஒன்று தோண்டிப் பார்த்துவிட்டால் கடைக்கால் செலவில் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

வீடு கட்டிய பிறகு நடப்பது இன்னும் விசித்திரம். தரை போட்டு மூடிய நடுப்பகுதியில் மண்ணின் ஈரம் ஆவியாக வழியில்லை. அடியிலிருந்து மெல்ல ஏறும் ஈரம் அங்கேயே தங்கி வருடக்கணக்கில் சேரும். சுவரோர மண் மட்டும் ஐப்பசியில் நனைந்து சித்திரையில் காயும். ஆக, வீட்டின் நடு ஒரு தாளத்தில் மெல்ல உயர்கிறது, விளிம்பு வேறொரு தாளத்தில் ஏறி இறங்குகிறது. சுவருக்கு இந்த இரட்டைத் தாளம் ஒத்துவராது. குளியலறைத் தண்ணீரை ஒரு பக்கச் சுவரோரம் தென்னைக்கு விட்டால் அந்த மூலை மட்டும் தூக்கும். சுவரை ஒட்டி வேம்பு வைத்தால் அது கோடையில் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்தை இறக்கும். இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. 1976இல் இங்கிலாந்தில் மழை பொய்த்தபோது லண்டன் களிமண் சுருங்கி ஏராளமான வீடுகள் விரிசல் கண்டன. மரங்களை ஒட்டியிருந்த வீடுகள் கூடுதலாக அடிபட்டன. மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரமாவது தள்ளி நட வேண்டும் என்ற விதி இத்தகைய அனுபவங்களில் உருவானதுதான்.

இதற்கு மருந்து என்ன? ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950களில் கரிசலுக்கென்றே ஓர் அடித்தள முறையை வளர்த்தெடுத்தது. கையால் சுற்றும் துளைகருவியால் ஒரு சாண், ஒன்றரைச் சாண் அகலத்தில் 3.5 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, மடக்குக் கத்திகள் உள்ள இன்னொரு கருவியை இறக்கி அடியில் மட்டும் சுற்றிச் செதுக்குவார்கள். அங்கே துளையைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு அகலத்தில் ஒரு குமிழ் உருவாகும். கம்பி இறக்கிக் கான்கிரீட் ஊற்றினால் அடியில் பருத்த தூண் ஒன்று அசையாத மண்ணில் மாட்டிக்கொள்ளும். மேல் மண் உப்பித் தூணைத் தூக்கப் பார்த்தாலும் குமிழ் விடாது. தூண்களை இணைக்கும் பீமைத் தரையில் படுக்க வைக்காமல் மூன்று அங்குலம் போல இடைவெளி விட்டு நிறுத்துவார்கள். அடியில் மண் உப்பினாலும் அந்த வெற்றிடத்துக்குள் உப்பட்டும் என்று. மண்ணோடு மல்லுக்கட்டாமல் அது அசைய இடம் விட்டுக் கொடுக்கும் இந்த மூன்று அங்குலம்தான் அந்த அமைப்பில் எனக்குப் பிடித்த பகுதி. மேஸ்திரிகளுக்குப் பிடிக்காத பகுதியும் அதுவே. சும்மா கிடக்கிறதே என்று மண்ணைத் தள்ளி அடைத்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கரிசலை எடுத்துவிட்டு உப்பாத சரள் மண்ணை மீட்டர் கணக்கில் நிரப்பித் திமிசு போட்டு இறுக்குவது இன்னொரு வழி. மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். கே. கட்டி இதை ஆராய்ந்து முறைப்படுத்தினார். நிரப்பும் மண்ணில் ஓரளவு பிசுபிசுப்பு இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியம். அதைக் கவனிக்காமல் வெறும் ஆற்று மணலையோ தூசியையோ கொட்டினால் அந்தப் பள்ளமே ஒரு தொட்டி ஆகிவிடும்; மழை நீர் அதில் இறங்கித் தேங்கி, சுற்றியுள்ள கரிசலுக்கு வருடம் முழுக்கத் தண்ணீர் காட்டும். சுண்ணாம்புக்கும் இதில் வேலை இருக்கிறது. களியோடு நீற்றிய சுண்ணாம்பைக் கலந்தால் படலங்களின் இடுக்கிலுள்ள சோடியத்தை வெளியேற்றிக் கால்சியம் உட்காரும். கால்சியத்துக்கு இரட்டை மின்னேற்றம். படலங்களை இறுக்கிப் பிடிக்கும், உப்பல் அடங்கும்.

மண்ணை விட்டு நிமிர்ந்தால் சூரியன். தெற்குப் பக்கம்தான் வெயில் என்று பொதுவாக நினைக்கிறோம். கோவில்பட்டி இருப்பது வட அட்சம் 9 பாகைக்குச் சற்று மேல். சித்திரை முதல் தேதியை ஒட்டி அங்கே சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது, பகல் 12.20 வாக்கில் செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் விழாது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். ஜூன் 21 அன்று 14 பாகை வடக்கே. அந்த மாதங்களில் வெயில் படுவது வடக்குச் சுவரில்தான். தெற்குச் சுவரின் முறை மார்கழியில் வருகிறது. அப்போது நண்பகல் சூரியன் 33 பாகை போலத் தெற்கே சாயும். இரண்டுக்கும் இரண்டடி சன்ஷேட் ஏறக்குறையப் போதும், சூரியன் உயரத்தில் இருப்பதால். மேற்குச் சுவருக்குத்தான் சன்ஷேட் உதவாது. சாயங்கால வெயில் தாழ்வாக வந்து நேரே அறையும்.

அதன் விளைவு உடனே தெரியாது என்பதுதான் சிக்கல். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் ஒரு முகத்தில் பட்ட வெப்ப அலை மறுமுகத்துக்கு வர ஏழு மணி நேரம் போல ஆகும். நாலு மணி வெயில் பதினோரு மணிக்கு உள்ளே வந்து சேரும். மேற்கே படுக்கையறை வைத்தவர், காற்று வெளியே குளிர்ந்த பிறகும் சுவர் கொதிப்பது ஏன் என்று ஃபேனைத் திட்டிக்கொண்டிருப்பார். கழிவறை, சாமான் அறை, மாடிப்படி ஆகியவற்றை மேற்கே தள்ளுவது உத்தமம். ஆனால் கயத்தாறு பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆனி ஆடிக் காற்றும் மேற்கிலிருந்துதான் வருகிறது. மேற்கை முழுக்க அடைத்தால் காற்று போச்சு, திறந்தால் வெயில் வந்தது. இந்த இழுபறியை மரம் தீர்க்கும். மரமோ கரிசலுக்கு ஆகாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வழி இருக்கிறது. எட்டு மீட்டர் உயரம் வளரும் மரம் ஒன்றைச் சொன்ன விதிப்படி எட்டு மீட்டர் தள்ளி, வீட்டுக்கு நேர் மேற்கே வைக்கிறோம். சித்திரையில் நாலேகால் மணி வாக்கில் சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது அந்த மரத்தின் நிழல் சுவரில் 3.4 மீட்டர் உயரம் வரை ஏறும். ஒற்றைத் தளச் சுவரை அது முழுக்க மூடிவிடும். வேருக்கு வேண்டிய தூரமும் நிழலுக்கு வேண்டிய தூரமும் இப்படி ஒத்துப்போவது அதிர்ஷ்டம்தான். ஒரு மரம் போதாது, வரிசையாக நட வேண்டும். அடிமரத்தில் கிளை கழித்துவிட்டால் காற்று கீழே புகுந்து வரும்.

பொருள் வாங்கும்போது ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். மணலோ எம்-சாண்டோ யூனிட் கணக்கில் வருகிறது. ஒரு யூனிட் 100 கன அடி. ஆனால் ஈர மணல் காய்ந்த மணலைவிட அதிக இடம் அடைக்கும். மணலின் எடையில் ஐந்து சதவீதம் போல ஈரம் இருந்தால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்; அதன் பரப்பு இழுவிசை துகள்களை நெருங்கிப் படியவிடாது. கன அளவு 25 சதவீதம் வரை கூடிவிடும், நைசு மணலில் இன்னும் அதிகம். அதே மணலில் தண்ணீரை நிறைய ஊற்றினால் படலங்கள் கரைந்து மணல் அடங்கிப் பழைய அளவுக்கு வந்துவிடும். நேரான டம்ளரில் ஈர மணலை நிரப்பித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். 10 விரற்கடை இருந்தது 8 ஆனால், 100 கன அடிக்குப் பணம் கொடுத்து 80 கன அடி மணல் வாங்கியிருக்கிறீர்கள். காசு போனது ஒரு பக்கம். ஒன்றுக்கு ஐந்து என்று பெட்டியால் அளந்து போடும் கலவையில் மணல் ஒன்றுக்கு நான்காகக் குறைந்து, எதிர்பாராத தண்ணீரும் கூடவே உள்ளே வந்துவிடுகிறது.

அந்தத் தண்ணீர்தான் ஆபத்து. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. 50 கிலோ மூட்டைக்கு அந்த வினைக்கு வேண்டியது 20 லிட்டருக்குள்தான். கலக்கவும் பரப்பவும் வசதியாக 25 லிட்டர் வரை போகலாம். கலவை தண்ணியாக இருந்தால் ஆட்களுக்கு வேலை சுலபம், ஆகவே வாளி வாளியாக ஊற்றுவார்கள். வினையில் சேராத தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளைகள். உப்புத் தண்ணீராக இருந்தால் இன்னும் மோசம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது தர விதி. கரிசல் பூமியில் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்புத்தான். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் கூரைக் காரை பொரிந்து விழுவது உள்ளிருந்து அது தள்ளுவதால்தான். போர் போட்டதும் முதல் வேலையாக அந்தத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தால் வேலையை எந்த மாதம் தொடங்குவது என்பது தானாக விளங்கும். சித்திரையில் உலர்ந்து சுருங்கிய கரிசல்மேல் கடைக்கால் போட்டால், அது உப்ப வேண்டியதெல்லாம் வீடு வந்த பிறகு உப்பும். ஐப்பசிச் சேற்றில் வேலையே ஓடாது. தை, மாசியில் மண் ஊறவும் இல்லை, உலரவும் இல்லை, நடுநிலையில் இருக்கும். ஆனால் அப்போது தொடங்கினால் பீமும் தளமும் விழுவது பங்குனி, சித்திரைக் கொதிப்பில். இன்று கடையில் பெரும்பாலும் கிடைக்கும் கலப்புச் சிமெண்ட்டுக்கு வறண்ட வெயில் காலத்தில் 14 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். ஊரில் தண்ணீர் இல்லாத நாட்களும் அவைதான்.

ஆகவே முந்தைய ஆவணியிலேயே தரைத்தொட்டியைக் கட்டிவிடுவது நல்லது. எட்டடி நீளம், ஏழடி அகலம், ஆறரை அடி ஆழம் என்றால் பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும். கூரை இல்லாவிட்டாலும், சாமான் வைக்கப் போடும் தகரக் கொட்டகையிலிருந்து குழாய் இறக்கினால் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். பிறகு வீட்டின் ஆயிரம் சதுர அடி மாடி வந்துவிட்டால், ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழையில் சிதறல் போக ஐம்பதாயிரம் லிட்டருக்கு மேல் அதே குழாய் வழியாக வரும். உவர்ப்பில்லாத தண்ணீர், கான்கிரீட்டுக்கும் சமையலுக்கும் ஆகும். தொட்டியை மட்டும் வீட்டுச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். அதையும் கரிசல் நெருக்கும், ஒரு நாள் கசியும். கசிந்த தண்ணீர் கடைக்காலுக்குப் போய்ச் சேராத தூரத்தில், வாட்டம் வெளிப்பக்கமாக இறங்கும் மூலையில் அது இருக்கட்டும்.